கஜானியை விசாரிக்க வந்தவர்

மடத்துவெளி ஒழுங்கைக்குள் ஒரு வெளியாள் மோட்டார்ச் சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, தலைமயிரை ஒருக்காத் தடவிவிட்டு, எந்த வீடு என்று பார்க்கத் தொடங்குவதற்குள் சத்தியபாமா படலையடிக்கு வந்துவிடுவாள். இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. அந்த ஒழுங்கையில் ஆள் இருக்கிற வீடுகளை விடப் பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் கூட. இருக்கிற சனம் விடுப்புப் பார்க்காவிட்டால் வேறு யார்தான் பார்ப்பது?

அன்றைக்கு வந்தவரைக் காலில் இருந்து மேலே அவள் பார்த்துக்கொண்டு போனாள். சப்பாத்து மினுங்கியது. புங்குடுதீவுப் புழுதியில், இந்த வெயிலில், சப்பாத்தை அப்படி மினுக்கிக்கொண்டு வருகிற ஆம்பிளைகள் இரண்டு வகை. ஒன்று தவணைக்காசு கேட்டு வருகிற லீசிங் கொம்பனிக்காரன். மற்றது மாப்பிள்ளை வீட்டுக்காக விசாரிக்க வருகிறவன். லீசிங்காரன் என்றால் கக்கத்தில் ஒரு பைல் இருக்கும், முகத்தில் ஒரு கடுப்பு இருக்கும். இவரிடம் இரண்டும் இல்லை. மீசை அளவாக வெட்டியிருந்தது. சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டிருந்தார். முதுகு நேராக நின்றது. கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை ஒருவனின் தமையனோ தாய்மாமனோ என்று அவள் முடிவு கட்டவும், அவர் வணக்கம் சொல்லவும் சரியாக இருந்தது.

"அம்மா, முன்வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் கேக்கலாமோ. கஜானி எண்டு."

பிறகென்ன, சந்தேகமே இல்லை. சத்தியபாமா உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எடுத்துவந்து வேப்பமர நிழலில் போட்டாள். நீங்கள் யார், எங்கே இருந்து வருகிறீர்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்கக்கூடாது. கலியாணத்துக்கு விசாரிக்க வருகிறவர் தான் இன்னார் என்று சொல்லமாட்டார். கேட்கப்படுகிறவரும் தெரியாத மாதிரித்தான் இருக்கவேண்டும். "தெரிஞ்ச ஆக்கள் கேட்டுப் பார்க்கச் சொன்னவை" என்று ஒரு பொதுப்பேச்சு இருக்கிறது, அதோடு எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிடும். மரியாதை தெரிந்த ஊர் இது. அந்த மரியாதைதான் அன்றைக்கு அவளைக் கவிழ்த்தது.

இதிலே சத்தியபாமாவின் வயிற்றெரிச்சலையும் சொல்லவேண்டும். அவள் இருக்கிற வீடு அவளுடையது அல்ல. சுவிஸில் இருக்கிற தமையன் கட்டிப்போட்டது, இவள் காவல். தமையனின் மகன் சுஜிதனுக்கு ஊரில் பெண் எடுக்கிறதாகக் கதை. எங்கேயோ இருந்து ஒரு பெட்டை வந்தால், அவளுடைய தாயும் தகப்பனும் 'பிள்ளையின்ரை வீடு' என்று வந்து குந்திவிடுவார்கள், இவள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கவேண்டியதுதான். முன்வீட்டுக் கஜானியைக் கட்டிவைத்தால் அந்தப் பயம் இல்லை. கஜானியின் தாய் யோகம்மாவுக்கு முன்னுக்கே சொந்த வீடு இருக்கிறது. பெட்டை சுவிஸுக்குப் போய்விடும், வீட்டுத் திறப்புக் கொத்து இவள் இடுப்பிலேயே இருக்கும். தமையனுக்குக் கஜானியின் படம்கூட அனுப்பியாயிற்று. சுஜிதனும் பார்த்துவிட்டுப் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பியிருந்தான். யோகம்மாவிடம் மட்டும்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மினுங்கிய சப்பாத்தோடு ஒருவர் முந்திக்கொண்டு வந்து நிற்கிறார்.

"பிள்ளையின்ரை குணம் எப்பிடி?" என்று கேட்டார் அவர்.

கலியாணம் குழப்புகிறது ஒரு கலை. எடுத்த எடுப்பில் குறை சொல்லுகிறவன் பழகாத ஆள். சத்தியபாமா பழகிய ஆள்.

"தங்கமான பிள்ளை. நான் ஒரு குறையும் சொல்லன், தம்பி. எனக்கென்ன, என்ரை பிள்ளை மாதிரி. ஆனால் என்ன, கொஞ்சம் ஆம்பிளைப் பிள்ளை மாதிரி வளர்ந்திட்டாள். வேலணையிலை படகு மோட்டர் திருத்திற கடையிலைதானே வேலை. கையெல்லாம் கிறீஸ். நெடுந்தீவு ஆக்கள் தங்கடை இஞ்சினை அவளைத் தவிர வேறை ஆரிட்டையும் குடுக்கமாட்டினமாம். குசினிப் பக்கம் எட்டியும் பாராள்."

அவர் முகம் கோணும் என்று பார்த்தாள். கோணவில்லை. "அப்பிடியோ" என்று கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து இருந்தார்.

"விடியக் கோழி கூவ முதல் வாணர் பாலத்திலை ஓடுறாள், தம்பி. காற்சட்டையோடை. ஆர் பாக்கினம் எண்ட யோசினை இல்லை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"மழை பெஞ்சாலும்."

"நல்லது," என்றார் அவர்.

நல்லதோ? சத்தியபாமாவுக்குப் பிடிபடவில்லை. கொழும்பு ஆக்கள் இப்போது இப்படித்தான் போல. அவள் இன்னும் கொஞ்சம் காரம் போட்டாள். கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர்காரன் குடித்துவிட்டு வெறியில் கிடக்க, கஜானி தண்ணித் தாங்கியின் உச்சிக்கு ஏறி வயரைக் கட்டிவிட்டு இறங்கியதைச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றாமல் போகப் பார்த்த பஸ்காரனிடம் திறப்பைப் பறித்துக்கொண்டு, பிள்ளைகள் ஏறி முடியும்வரை நடுறோட்டில் நின்றதைச் சொன்னாள். "பயம் எண்டது மருந்துக்கும் இல்லை. புருசனுக்கு அடங்குவாள் எண்டு நான் நினைக்கேல்லை" என்று முடித்தாள். எல்லாம் உண்மை. ஒரு எழுத்துக் கூட்டவில்லை. இதில் பாதியைக் கேட்டாலே வேறு மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பியிருப்பார்கள்.

இந்த மனிசன் சிரித்தார். சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். மேலதிகமாக ஒரு பிஸ்கற்றும் எடுத்தார்.

சத்தியபாமா பிஸ்கற் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இவன் எப்படியும் பெட்டையைக் கொண்டு போகப்போகிறான். கடைசியில் இருந்த ஒரே ஒரு குண்டை எடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்டு சொல்லுறன், நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. அவளுக்கு வலிப்பு இருக்கு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வலிப்போ?"

"சின்னனிலை தொடங்கினது. இடைக்கிடை வரும். தாய் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை, பாவம். கடைசியா இந்தத் தைப்பொங்கலோடை வந்தது." பொய் சொல்லுகிறவன் ஒரு திகதியும் சேர்த்துச் சொன்னால்தான் அது நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் முகம் அப்போதுதான் மாறியது. நன்றி சொன்னார், தலைக்கவசத்தை மாட்டினார், குறிகட்டுவான் படகுத்துறைப் பக்கம் போனார். சத்தியபாமா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது ஒரு பாட்டையும் முணுமுணுத்துக்கொண்டு போனதாகத்தான் ஒழுங்கையில் கதை.

*

மத்தியானம் கஜானி வந்தாள். வேலைநாளில் அவள் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. தாயின் படலைக்குப் போகாமல் நேரே இங்கே வந்து, வேம்புக்குக் கீழே கிடந்த கதிரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மாமி, ஆரும் வந்தவையோ?"

"ஆர் வாறது? ஏன்?"

"என்னைப் பற்றிக் கேக்க."

சத்தியபாமா சுளகைத் தட்டினாள். "ஆரோ ஒருத்தர் வந்தவர். உனக்கு எப்பிடித் தெரியும்? கொம்மா சொன்னவவோ?"

"சந்திக் கடைக்காரர் போன் எடுத்தவர், ஒரு வெளியாள் என்னை விசாரிச்சுக்கொண்டு எங்கடை ஒழுங்கைக்கு வந்ததெண்டு. அம்மாவுக்கு அவர் இண்டைக்கு வாறது தெரியாது." அவள் கதிரையில் இருந்தாள், உடனே எழும்பினாள், வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "மாமி, நான் விமானப்படைக்கு எழுதிப் போட்டனான். முழுநேரப் படை இல்லை, தொண்டர் பிரிவு. முதல் கொஞ்சக் காலம் பயிற்சி. பேந்து சனி ஞாயிறிலை போகவேணும், வருசத்துக்கு ஒருக்கா முகாம். மற்ற நாளிலை நான் வழமை போலை வேலணைக் கடையிலைதான். எழுத்துச் சோதினை பாஸ். நேர்முகமும் முடிஞ்சுது. இனி ஊரிலை ஆள் விட்டு விசாரிப்பினமாம், அது சரியெண்டால் மெடிக்கலுக்குக் கூப்பிடுவினமாம். விசாரிக்கிற ஆள் யூனிபோமிலை வராது, தான் ஆரெண்டும் சொல்லாதாம்."

சத்தியபாமாவின் கையில் இருந்த சுளகு அப்படியே நின்றது.

"நீ எங்கை போறாய் எண்டு விளங்கித்தான் போறியோ, பிள்ளை?" என்றாள்.

"இஞ்சினுக்கு, மாமி. நெடுந்தீவிலை வருத்தக்காரரை ஏத்த ஹெலி வந்து இறங்கேக்கை நான் கிட்ட நிண்டு பாத்தனான். அதுக்குள்ளை ஒருக்காக் கை வைக்கவேணும். வேற ஒண்டும் இல்லை. இஞ்சை எனக்கு யமஹாப் படகு மோட்டரைத் தவிர வேறை என்ன கிடக்கு?"

"எங்களிலை குண்டு போட்டவங்கடை படையிலையோ."

"எல்லாரும் அதைத்தான் கேப்பினம் எண்டு தெரியும். அம்மா கேக்கவும் இல்லை. பேசாமல் இருக்கிறா. அதுதான் அந்தரமாய்க் கிடக்கு." அவள் மறுபடி இருந்தாள். "ஒரு பிழை சொன்னால் காணுமாம், மாமி. குணத்திலையோ, உடம்பிலையோ. ஒருத்தர் ஒரு சந்தேகம் சொன்னால் வெட்டிப்போடுவினமாம், பேந்து கேக்கவும் ஏலாதாம். பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு மாமாட்டையும் கேட்டிருப்பினம், அவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஆனால் உங்களிட்டைக் கேட்டதெண்டால் எனக்குப் பயமில்லை. நீங்கள் ஒளிக்காமல் கதைக்கிற ஆள்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சத்தியபாமா கதிரையில் இருந்தாள். அந்தப் பெட்டை அவளைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். இரண்டு ஏச்சு ஏசிவிட்டுக் கறிக்குத் தேங்காய் துருவப் போயிருக்கலாம்.

சரி, ஆறுதலாக யோசிப்போம் என்று யோசித்தாள். நடந்தது என்ன? அந்த மனிசன் மாப்பிள்ளை வீட்டான் அல்ல. ஆகவே கலியாணம் ஒன்றும் குழம்பவில்லை, குழம்பவேண்டிய கலியாணமும் இல்லை. பெட்டைக்குப் படை கிடைக்காது. கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பாள். வீட்டில் இருந்தால் சுஜிதனுக்குப் பேசலாம். வாய் திறக்காமல் இருந்தால் எல்லாம் தானாக வந்து மடியில் விழும். வலிப்புக் கதை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மனிசனும் இனி இந்தப் பக்கம் வரமாட்டான். இதிலே கவலைப்பட என்ன இருக்கிறது?

அதோடு நியாயமும் அவள் பக்கம்தான். விமானம் என்றால் அவளுடைய வயதுக்காரருக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? சத்தம் கேட்டதும் உலையை அப்படியே விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடியதுதான். முன்வீட்டு யோகம்மா இன்றைக்கும் ஹெலி ஒன்று போனால் அடுப்பு நெருப்பை நூர்த்துவிட்டு முற்றத்தில் வந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்பாள், அது கடல் தாண்டிப் போகும்வரை. அந்தத் தாயின் மகள் அதற்குள் ஏறிப் போவதைத் தடுத்தது பாவமோ? புண்ணியம் என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வளவு நியாயத்தையும் வைத்துக்கொண்டு அவள் குசினிக்கும் படலைக்கும் நடந்தாள். கறி அடிப்பிடித்தது. இறக்கிவைத்துவிட்டு மறுபடி படலைக்கு வந்தாள். எதிரே கஜானி மோட்டார்ச் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துத் துடைத்தாள். துடைத்ததை மறுபடி கழுவினாள். வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. தாய் வாசல் படியில் இருந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் ஒழுங்கைக்கு ஓடி வந்தது.

சத்தியபாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைவேலுவிடம் போனாள். முந்திக் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராக இருந்தவர். வெற்றிலைத் தட்டத்தோடு முற்றத்தில் இருந்தார்.

"அண்ணை, உங்களிட்டையும் ஒருத்தர் வந்தவரே?"

"வந்தவர், வந்தவர். நல்ல இடம் போல கிடக்கு." அவர் பாக்கைச் சீவினார். "நான் நல்லாச் சொல்லி விட்டனான், பாமா. பெட்டை வீட்டை விட்டு வெளிக்கிடாது, ஆம்பிளையளோடை கதையாது, கரப்பான் பூச்சியைக் கண்டாலே கத்தும் எண்டு. தண்ணிக்கும் பயமெண்டு சேத்துவிட்டனான். நீர் குழப்பிப்போடேல்லைத்தானே?"

சத்தியபாமா விசயத்தைச் சொன்னாள். கஜானி வந்து சொன்னதை மட்டும். தான் சொன்னதை அல்ல. அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

"சனி ஞாயிறிலை மட்டும் படையோ? அப்ப சண்டை திங்கக்கிழமை வந்தால்?" என்று கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அட, நான் அவளைக் கோழிக்குஞ்சு மாதிரியெல்லே சொல்லி விட்டனான். நயினாதீவிலையும் ஒரு பொடியனைப் பற்றிக் கேக்கவேணும், பின்னேரப் படகிலை திரும்பி வருவன் எண்டு கதையோடை கதையாச் சொன்னவர். அங்கை ஒரு சம்பந்தம் விசாரிக்கப் போறார் எண்டு நினைச்சன்."

"அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன், அண்ணை."

"எனக்கு முழங்கால் ஏலாது. அதோடை, கோழைப்பிள்ளை எண்டு சொன்னதாலை ஒருத்தரும் சாகேல்லை. நீர் ஏன் முழிசுறீர்?"

*

குறிகட்டுவானுக்குப் பஸ் அரைமணித்தியாலம் பிந்தி வந்தது. அந்த அரைமணித்தியாலத்துக்குள் அவள் இரண்டு தரம் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள், இரண்டு தரமும் சந்திக்குத் திரும்பி வந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகும் அடுத்த ஹோல்ரிலே இறங்கலாம், அதற்கு அடுத்ததிலே இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டே கடைசி ஹோல்ருக்கு வந்துவிட்டாள்.

துறைமுகத்தில் கச்சான் காற்று சீலையைப் பறித்தது. நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய் வந்த சனம் ஒரு படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நெடுந்தீவு மாக்கிறேற் கருவாட்டுப் பெட்டிகளை இறங்குதுறை ஓரமாக அடுக்கிவிட்டு, அவற்றின் மேலேயே இருந்தாள். புங்குடுதீவில் வீடு வீடாகக் கருவாடு விற்கிறவள், இவளுக்கு நல்ல பழக்கம்.

"பாமாக்கா, என்ன இந்தப் பக்கம்? ஆரையும் ஏத்தவோ, இறக்கவோ?"

"சும்மா வந்தனான்."

"நீங்கள் சும்மா வாற ஆளோ," என்றாள் மாக்கிறேற், வசதியாகத் திரும்பி இருந்துகொண்டு.

அடுத்த படகில் சப்பாத்து வந்தது. இப்போது அதில் உப்புத் தண்ணீர் பட்டு மினுக்கம் போயிருந்தது. சத்தியபாமா முன்னுக்குப் போய் நின்றாள். அவர் அடையாளம் கண்டு நின்றார்.

"தம்பி, காலமை நான் சொன்னதிலை ஒண்டு பிழை."

"எது, அம்மா?"

"வலிப்பு. அவளுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. ஒருநாளும் வந்ததில்லை."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விசாரிக்கிற வேலையில் பழகின கண். "ஆரும் உங்களை வெருட்டினவையோ? அந்தப் பிள்ளை வந்து கேட்டவவோ?"

"அவளுக்கு நான் சொன்னது தெரியாது. நானாத்தான் வந்தனான்."

"அப்ப ஏன் சொன்னனீங்கள்?"

சத்தியபாமா மாக்கிறேற்றைப் பார்த்தாள். மாக்கிறேற் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துவிட்டு.

"நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர் எண்டு நினைச்சிட்டன், தம்பி. உந்தச் சப்பாத்தைப் பாத்து."

அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, "ஓ, அதுதான் பக்கத்து வீட்டு ஐயா அந்தப் பிள்ளை கரப்பானுக்குக் கத்தும் எண்டவர்," என்றார். "எனக்கு மண்டை காய்ஞ்சு போச்சு, அம்மா. அவர் சொல்லுறார் தண்ணிக்குப் பயமெண்டு. நீங்கள் சொல்லுறியள் தண்ணித் தாங்கியிலை ஏறினவ எண்டு. தாங்கி உண்மையோ?"

"உண்மை."

"பஸ் திறப்பு?"

"உண்மை."

"பாலத்திலை ஓடுறது?"

"எல்லாம் உண்மை. குறையெண்டு நான் சொன்னதெல்லாம் உண்மை. வலிப்பு மட்டும்தான் பொய்."

அவர் கடல் பக்கம் திரும்பி மூச்சு விட்டார். "நான் அதை மத்தியானமே மேலை அறிவிச்சிட்டன், அம்மா. உடம்புப் பிரச்சினை எண்டால் உடனை அறிவிக்கவேணும். இனி நான் மாத்திச் சொன்னால் என்னட்டை ஏதும் வாங்கினதெண்டு நினைப்பினம். நீங்களே சொல்லுறியளோ?"

அவள் ஓம் என்று சொல்லமுதல் அவர் போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டார். சிங்களத்தில் இரண்டு மூன்று வசனம் கதைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். "எங்கடை பெரிய சேருக்குத் தமிழ் விளங்கும். கதையுங்கோ."

சேருக்குத் தமிழ் விளங்கியது. லைன்தான் விளங்கவில்லை. கச்சான் காற்று சொற்களைப் பாதி வழியில் பறித்துக்கொண்டு போனது.

"நான் சத்தியபாமா கதைக்கிறன், ஐயா. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு இல்லை."

"என்ன இல்லை?"

"வலிப்பு."

"கேக்கேல்ல, அம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சத்தியபாமா சத்தமாகச் சொன்னாள். அவள் சத்தமாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று மடத்துவெளிச் சனத்துக்குத் தெரியும். இப்போது குறிகட்டுவானுக்கும் தெரிந்தது. "கஜானிக்கு வலிப்பு இல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

கோயிலுக்குப் போய் வந்த சனம் பஸ்ஸுக்கு ஓடுவதை நிறுத்தியது. ரிக்கற் கவுண்டர்க்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"கலியாணத்தைக் குழப்ப."

"எந்தக் கலியாணம்?"

"ஒரு கலியாணமும் இல்லை, ஐயா. அவளை என்ரை தமையன்ரை மகனுக்குக் கட்டிவைக்க நினைச்சனான். சுவிஸிலை இருக்கிறான். அதாலை வேறை ஆரும் கேட்டு வரக்கூடாதெண்டு சொன்னனான்."

"அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது," என்று கத்தினாள் சத்தியபாமா, துறைமுகம் முழுக்கக் கேட்க.

அந்தப் பக்கம் சத்தம் இல்லாமல் போனது. லைன் அறுந்ததோ, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களோ தெரியாது. வந்தவர் போனை வாங்கிக் காதில் வைத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வைத்துவிட்டுச் சொன்னார்:

"மெடிக்கலுக்குக் கூப்பிடுவினம், அம்மா. வலிப்பு இருக்கோ இல்லையோ எண்டு அங்கை டொக்டர் பாப்பார். நீங்கள் வந்து சொல்லியிராட்டி அங்கை வரைக்கும் போயிராது. இஞ்சையே முடிஞ்சிருக்கும்." பிறகு போகிற போக்கில், "என்ரை தங்கச்சிக்கும் ஒரு இடம் பாக்கிறம், அம்மா. நல்ல காலம், உங்கடை ஒழுங்கையிலை இல்லை," என்றார்.

மாக்கிறேற் கருவாட்டுப் பெட்டியில் இருந்து எழும்பினாள். "அக்கா, இந்தப் பெட்டியளைப் பாத்துக்கொள்ளுங்கோ. சிக்னல் உள்ள இடத்திலை நிண்டு ஒரு கோல் எடுத்திட்டு வாறன்."

*

கதை பஸ்ஸை முந்திக்கொண்டு போயிருந்தது. மடத்துவெளிச் சந்தியில் இறங்கியபோதே கடைக்காரன், "சுவிஸ்காரருக்குப் பொம்பிளை சரிவந்திட்டுதோ, அக்கா?" என்று கேட்டான். அவள் கேட்காத மாதிரி நடந்தாள். இத்தனை வருசம் மற்றவர்களைப் பற்றி அவள் கொண்டுபோய்க் கொடுத்த கதைகள் எவ்வளவு வேகத்தில் ஓடியிருக்கும் என்று அன்றைக்குத்தான் கணக்குப் பிடிபட்டது.

ஒழுங்கையில் யோகம்மா சத்தியபாமாவின் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஜானி தங்கள் வீட்டு மதிலோடு சாய்ந்து நின்றாள். ஏச்சு விழப்போகிறது என்று சத்தியபாமா ஆயத்தமாகத்தான் வந்தாள். பொய் சொன்னதற்கும், கேட்காமல் மகளுக்கு மாப்பிள்ளை பேசியதற்கும். இரண்டுக்கும் சொல்ல மறுமொழி இருந்தது.

"பாமாக்கா," என்றாள் யோகம்மா, மெதுவாக. அவள் சத்தம் போட்டுக் கதைக்கிற மனுசி அல்ல. "நீங்கள் வலிப்பு எண்டு சொன்னது எனக்குக் கோவமில்லை."

சத்தியபாமா சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"இவள் எழுதிப் போட்டன் எண்டு சொன்ன நாள் தொடக்கம் நான் முருகனுக்கு நேந்துகொண்டிருக்கிறன். ஏதாவது ஒண்டு வந்து தடுக்கட்டும், நான் தடுத்ததாய் இருக்கக்கூடாதெண்டு. நான் மறிச்சால் காலம் முழுக்க என்னைப் பாத்துக்கொண்டே இருப்பாள். அது உங்கடை வாயாலை வந்தது. பலிச்ச நேத்தியை ஏன் திருப்பி எடுத்தனீங்கள்? ஆர் உங்களைத் துறைக்கு ஓடச் சொன்னது?"

"அம்மா," என்றாள் கஜானி.

"நீ பேசாமல் இரு. நான் உன்னோடை கதைக்கேல்லை."

"அவள் என்னட்டைப் பயமில்லை எண்டு சொன்னாள், யோகம். நான் ஒளிக்காத ஆளாம். அதுக்குப் பிறகு எப்பிடி..." சத்தியபாமா அதுவரை ஒரு வசனத்தை முடிக்காமல் விட்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"அப்ப நீங்களும் என்ரை பிள்ளையை அனுப்பிறியள்."

"நான் அனுப்பேல்லை. அவள்தான் போறாள்."

யோகம்மா மகளைப் பார்த்தாள். மகள் தாயைப் பார்த்தாள். கஜானியின் ஒரு கால் சப்பாத்து நுனியால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. நிற்க முடியாத கால். தாய் அந்தக் காலையும் பார்த்தாள். பிறகு படலையை விட்டுவிட்டு, ஒழுங்கையைக் கடந்து, மகளைக் கடந்து, உள்ளே போய்விட்டாள். குசினியில் சட்டி ஒன்று பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

கஜானி இந்தப் பக்கம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று சத்தியபாமா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள்.

"மாமி, சுஜிதனுக்கு என்ரை எந்தப் படம் அனுப்பினனீங்கள்?"

"கோயில் தேரிலை எடுத்தது. சீலையோடை."

"கேட்டு அனுப்பியிருக்கலாம்."

"கேட்டால் நீ மாட்டன் எண்டு சொல்லியிருப்பாய்."

"ஓம்," என்றாள் கஜானி. "சொல்லியிருப்பன்." சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. திரும்பிப் போய்த் தாயின் குசினி வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. அந்த வாசலிலேயே கனநேரம் நின்றாள்.

மெடிக்கலுக்குக் கடிதம் வந்தது. போனாள், பாஸ் பண்ணினாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம். அதை ஊரில் முதலாவதாகச் சொன்னது சத்தியபாமா. யோகம்மா அவளோடு பேச்சை விட்டுவிட்டாள். மகளோடு பேசுகிறாள், ஆனால் சாப்பாடு, தண்ணீர், குடை என்ற அளவில்தான். குழந்தைவேலு மட்டும் இரண்டு பக்கமும் போய் வருகிறார், வெற்றிலைத் தட்டத்தோடு.

கஜானி பயிற்சிக்கு வெளிக்கிட்ட அன்று விடியவே சத்தியபாமா படலையடியில் நின்றாள். யோகம்மா மகளின் பையைத் தூக்கிக்கொண்டு சந்திவரை நடந்தாள். யாரிடமும் கொடுக்கவில்லை, கஜானியிடமும் கொடுக்கவில்லை. பஸ் வந்தபோதும் பையை விடாமல் நின்றாளாம், கொண்டக்டர்தான் வாங்கி ஏற்றினானாம். சத்தியபாமா சந்திக்குப் போகவில்லை. எல்லாம் கேள்விப்பட்டதுதான். கேள்விப்படவும் அன்றைக்கு நேரம் எடுத்தது. அவளிடம் வந்து கதை சொல்ல இப்போது ஆட்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

அன்று பின்னேரம் தமையன் சுவிஸில் இருந்து போன் எடுத்தார்.

"என்ன பாமா, அந்த முன்வீட்டுப் பெட்டையின்ரை கதை? இவன் கேட்டுக்கொண்டு இருக்கிறான்."

"அது சரிவராது, அண்ணை."

"ஏன்? நல்ல பிள்ளையெண்டு நீதானே சொன்னனி. பேந்து உடம்பிலை ஏதும் வருத்தம் கிருத்தம் எண்டு தெரிய வந்ததோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும். துறைமுகம், போன், சேர் ஒன்றையும் தமையனுக்குச் சொல்லத் தேவையில்லை. சத்தியபாமா வாயைத் திறந்தாள். எதிரே யோகம்மா முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றாள். கூட்டி முடித்த இடத்தையே மறுபடி கூட்டினாள்.

"ஒரு வருத்தமும் இல்லை, அண்ணை. அவளுக்கு இஞ்சை இருக்கேலாது, சுவிஸிலையும் இருக்கேலாது. அவ்வளவுதான்."

"அப்ப உன்ரை மச்சாளின்ரை பக்கத்தாலை கரம்பொன்னிலை ஒரு பிள்ளை இருக்காம். தாய் தேப்பன் வீட்டைப் பாக்க வரவேணுமெண்டு நிக்கினம். அடுத்த கிழமை வரச் சொல்லட்டோ?"

சத்தியபாமா இடுப்பில் இருந்த திறப்பை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள்.

"வரச் சொல்லுங்கோ," என்றாள். போனை வைத்துவிட்டு உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள்.